ஆளில்லா வேளையில் ஒரு குரல்

ஒரு கருவி பயனற்றுப் போய்விட்டது என்று நாம் எப்பொழுது முடிவு செய்கிறோம்? அதைவிட விரைவான ஒன்று கைக்கு வந்துவிட்டால் பழையதைப் பரணுக்கு அனுப்பிவிடுகிறோம். அம்மியும் ஆட்டுக்கல்லும் கொல்லைப்புறம் போனது அப்படித்தான். நல்ல செய்தியையும் கெட்ட செய்தியையும் நூற்றாண்டுக்கு மேலாக வாசற்படிக்குக் கொண்டுவந்த தந்திச் சேவை நம் நாட்டில் 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிறுத்தப்பட்டதும் அப்படித்தான். அந்த வரிசையில் இன்று நிற்பது ‘வாய்ஸ்மெயில்’ எனப்படும் குரலஞ்சல்.

ஒருவரைத் தொலைபேசியில் அழைக்கிறோம். அவர் எடுக்கவில்லை. சற்று நேரத்தில், ‘ஒலி எழுந்த பின் உங்கள் செய்தியைச் சொல்லுங்கள்’ என்றொரு குரல் கேட்கிறது. நாம் சொல்வது எங்கோ பதிவாகி, அவர் வந்து கேட்கும்வரை காத்திருக்கிறது. மேலை நாடுகளில் ஒரு தலைமுறைக் காலம் அலுவலகங்களையும் இல்லங்களையும் ஆண்ட ஏற்பாடு இது. இன்று அங்கேயே பலர் அதைத் திறந்து கேட்பதில்லை. ‘குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வாட்ஸப்பும் இருக்கும்போது இது எதற்கு?’ என்று இளைஞர் கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானதே. ஆயினும், ‘எதற்கு?’ என்ற கேள்வியோடு ‘யாருக்கு?’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பது நலம். இக்கருவியின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தால், அந்த இரண்டாம் கேள்விக்குரிய விடை நமக்குக் கிடைக்கும்.

பிறப்பிலேயே இருந்த ஆசை

அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றது 1876இல். மறு ஆண்டே தாமஸ் ஆல்வா எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கினார். இவ்விரண்டும் அடுத்தடுத்து வந்தது தற்செயலன்று. தொலைபேசியில் பேசிய பேச்சு பேசி முடித்ததும் காற்றோடு போய்விடுகிறது. அதைப் பிடித்து வைக்க இயலாதா என்ற சிந்தனை எடிசனின் ஆய்வில் தொடக்கமுதலே இருந்தது. 1878இல் ‘நார்த் அமெரிக்கன் ரிவ்யூ’ என்ற இதழில் தம் கருவியின் எதிர்காலம் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் பத்துப் பயன்களை வரிசைப்படுத்தினார். குரலால் கடிதம் எழுதுவது முதலிடம் பெற்றது. பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள் அதற்கு அடுத்து வந்தன. குடும்பத்தாரின் குரல்களையும், இறக்குந் தறுவாயில் இருப்போரின் கடைசிச் சொற்களையும் காத்து வைப்பது மற்றொரு பயன். பட்டியலின் இறுதியில் அவர் குறித்தது, தொலைபேசியோடு இக்கருவியை இணைத்துப் பேச்சை நிலைபெறச் செய்வதாகும். பாட்டுக் கேட்பதும் அப்பட்டியலில் உண்டு. ஆனால் அதற்கு அவர் முதலிடம் தரவில்லை. பின்னாளில் இசையே அக்கருவியின் வாழ்வாகிவிட்டது என்பது வேறு செய்தி.

எடிசன் எண்ணியதைச் செயலில் காட்டியவர் டென்மார்க் நாட்டின் வால்டெமார் போல்சன். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய இளைஞர் அவர். அழைத்தவர் ஆளில்லாத வீட்டுக்கும் செய்தி விட்டுச் செல்ல வழி வேண்டும் என்று கருதினார். உருளை ஒன்றில் எஃகுக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் மின்காந்தத்தை ஓடவிட்டார். பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கேற்பக் கம்பியில் காந்தத் தன்மை பதிந்தது. மீண்டும் அதே காந்தத்தை ஓட்டியபோது கம்பி பேசியது! 1898இல் இதற்குக் காப்புரிமை கோரினார். ‘டெலிகிராஃபோன்’ என்று பெயரிட்டார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதற்குப் பெரும்பரிசு கிடைத்தது. ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பு அதில் பேசிப் பதிவு செய்தார். காந்த முறையில் பதிவாகி இன்றுவரை எஞ்சியிருக்கும் குரல்களுள் மிகப் பழையது அதுவே என்று கருதப்படுகிறது.

பின்னாளில் ஒலிநாடாவாகவும், கணிப்பொறியின் காந்தத் தட்டாகவும் வளர்ந்த ஒரு பெருங்குடும்பத்தின் மூதாதை இந்த எஃகுக் கம்பி. அது பிறந்தது, அழைத்தவர் வெறுங்கையோடு திரும்பக்கூடாது என்ற எளிய எண்ணத்திலிருந்து என்பதை நினைவில் கொள்வோம்.

அச்சத்தால் அடைபட்ட கதவு

இவ்வளவு முன்னதாகப் பிறந்த கருவி, மக்கள் கைக்கு வர ஏன் எழுபது ஆண்டுகள் ஆயின? போல்சனின் கருவியில் ஒலி மெலிதாக இருந்தது ஒரு காரணம். அமெரிக்காவில் அதை விற்கத் தோன்றிய நிறுவனம் தோல்வியுற்றது மற்றொரு காரணம். இவற்றைவிட வியப்பானது மூன்றாவது காரணம்.

1930களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அறிஞர் காந்த நாடாவால் இயங்கும் பதிலுரைக் கருவியைச் செம்மையாக உருவாக்கிவிட்டார். ஆனால் அந்த ஆய்வுக்கூடத்தைத் தன்வசம் வைத்திருந்த தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்டு டி. அதை வெளியே விடவில்லை. தொலைபேசியில் பேசுவது பதிவாகக்கூடும் என்று மக்கள் அறிந்தால், வணிகர்கள் தொலைபேசியில் ஒப்பந்தம் பேச அஞ்சுவர். மற்றவர்கள் மனம்விட்டுப் பேசத் தயங்குவர். ஆகவே தொலைபேசிப் பயன்பாடே குறைந்துவிடும் என்று நிறுவனத்தார் கருதினர். மார்க் கிளார்க் என்ற வரலாற்றாய்வாளர் 1990களில் அந்நிறுவனத்தின் பழைய ஆவணங்களை ஆராய்ந்து இச்செய்தியை வெளிப்படுத்தினார்.

அவர்கள் அஞ்சியது முழுதும் பொய்யன்று என்பதைப் பின்னால் காண்போம். எனினும் ஒரே நிறுவனத்தின் கையில் ஒரு நாட்டின் பேச்சுக் கம்பிகள் அனைத்தும் இருந்தால், அதன் அச்சமே நாட்டின் விதியாகிவிடும் என்ற பாடம் இங்கே உண்டு. 1968இல் ‘கார்ட்டர்ஃபோன்’ வழக்கில், பிறர் செய்த கருவிகளையும் தொலைபேசிக் கம்பியில் இணைக்கலாம் என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே வீடுகளுக்கேற்ற பதிலுரைக் கருவிகள் 1970களில் கடைகளுக்கு வந்தன.

ஈரமான தாள்கள் கற்பித்த பாடம்

அதுவரை அலுவலகங்களில் செய்தி எப்படிச் சென்றது? பணிப்பெண் ஒருவர் அழைப்பை ஏற்று, ‘நீங்கள் வெளியே சென்றிருந்தபோது இன்னார் அழைத்தார்’ என்று சிறு தாளில் எழுதி மேசைமேல் வைப்பார். தாள் பறந்துபோகும், பெயர் பிழையாகும், எண் தவறும். அமெரிக்கரான கார்டன் மேத்யூஸ், அலுவலகம் ஒன்றன் வெளியே குப்பைத் தொட்டியில் மழையில் நனைந்து கிடந்த இத்தகைய தாள்களைக் கண்டபோதுதான் மாற்று வழி தேட முனைந்தார் என்று சொல்லப்படுகிறது. 1979இல் டெக்சாஸ் மாநிலத்தில் அவர் தொடங்கிய நிறுவனம், ஒரு மையக் கணிப்பொறியிலேயே அனைவருக்கும் குரல் பெட்டிகளை அமைத்துத் தந்தது. அதே ஆண்டு கோரிய காப்புரிமை 1983இல் கிடைத்தது. அவருடைய முதல் வாடிக்கையாளர் 3எம் என்ற பெருநிறுவனம்.

வீட்டிலுள்ள பதிலுரைக் கருவிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது நம் மேசைமேல் இருக்கும் நாடா. பின்னது தொலைபேசி வலைப்பின்னலுக்குள்ளேயே இருக்கும் பெட்டி. நாம் எடுக்காவிட்டாலோ, வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தாலோ, நம் கைபேசி அணைந்திருந்தாலோ, அழைப்பு தானாகவே அப்பெட்டிக்குத் திருப்பப்படுகிறது. அங்கே பேச்சை நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக மாற்றி வைக்கிறார்கள். சுருக்காமல் வைத்தால் ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏறத்தாழ 480 கிலோபைட் இடம் தேவை. 1979இல் அது பெருஞ்செலவு; இன்று ஒரு புகைப்படத்துக்குக் கூடப் போதாத இடம்.

இதே காலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர்களும் குரலைச் சேமித்து அனுப்பும் ஏற்பாட்டை வளர்த்து வந்தனர். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் விளையாட்டில் அதற்கு நல்லதொரு வாய்ப்புக் கிடைத்தது. தொலைதூர நாட்டிலுள்ள தாயோ தந்தையோ தங்கள் மொழியில் பேசிச் செய்தியை விட்டுவைப்பர். விளையாட்டு வீரர் தம் விடுதியிலுள்ள கருவியில் அதைக் கேட்பார். 12 மொழிகளில் அக்கருவி வழிகாட்டியது. அங்கு இரவென்றால் இங்கு பகல் என்ற இடர்ப்பாட்டைக் குரலஞ்சல் எளிதாகக் கடந்தது. பேசுபவர் விழித்திருக்கும்போது பேசலாம். கேட்பவர் விழித்த பின் கேட்கலாம். பெட்டியிலிருந்து கேட்பது தாயின் குரலேதான். யாரோ எழுதி வைத்த குறிப்பு அதற்கு ஈடாகாது.

1988இல் அமெரிக்க வட்டாரத் தொலைபேசி நிறுவனங்களும் இச்சேவையை வழங்க நீதிமன்றம் இசைவளித்தது. 1990களில் அது வீடுதோறும் சென்றது. கைபேசி பரவியபோது அதனோடு சேர்ந்து உலகெங்கும் சென்றது.

இறங்குமுகம்

ஏற்றம் விரைவாக வந்ததுபோலவே இறக்கமும் வந்தது. 2014ஆம் ஆண்டு இறுதியில் கோக்கா கோலா நிறுவனம் அட்லாண்டாவிலுள்ள தன் தலைமை அலுவலகத்தில் குரலஞ்சலை நிறுத்தியது. 2015இல் ஜே.பி. மார்கன் சேஸ் வங்கி, வாடிக்கையாளரோடு நேரடித் தொடர்பில்லாத ஊழியர் பலருக்கு அதை நீக்கியது. ஆண்டுக்கு 30 இலட்சம் டாலருக்கு மேல் மிச்சம் என்று கணக்குச் சொன்னது.

காரணம் வெளிப்படை. எழுத்தைக் கண் ஒரு நோட்டத்தில் அளந்துவிடும். பேச்சு தன் வேகத்திலேதான் வரும். ஒரு முகவரியையோ கணக்கு எண்ணையோ தேட, நிமிடக்கணக்கான பேச்சை இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருக்கிறது. கூட்டத்தின் நடுவே இருப்பவர் எழுத்துச் செய்தியைப் பார்த்துக்கொள்ளலாம். குரலைக் கேட்க முடியாது. செவிப்புலன் குன்றியோருக்கோ குரலஞ்சல் அடைத்த கதவு. விளம்பரக்காரரும் மோசடிக்காரரும் பெட்டியை நிரப்பத் தொடங்கியதும் மக்களுக்கு அதன்மேலிருந்த பொறுமையும் போயிற்று.

கருவியைச் சீர்செய்ய முயற்சிகளும் நடந்தன. 2007இல் வந்த ஐபோன், குரல் செய்திகளைப் பட்டியலாகக் காட்டி, வேண்டியதை மட்டும் தேர்ந்து கேட்க வழி செய்தது. 2009இல் வந்த கூகுள் வாய்ஸ் சேவை, குரலை எழுத்தாக்கித் தந்தது. 2023 முதல் சில கைபேசிகள், மறுமுனையில் ஒருவர் செய்தி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதை எழுத்தாகத் திரையில் காட்டுகின்றன.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீழ்ந்தது பெட்டி மட்டுமே. குரலால் செய்தி விடும் வழக்கம் வீழவில்லை. 2013இல் வாட்ஸப்பில் குரல் செய்தி அறிமுகமாயிற்று. 2022இல் அந்நிறுவனம் அறிவித்த கணக்குப்படி, அதில் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 700 கோடிக் குரல் செய்திகள் அனுப்பப்பட்டன. ‘குரலஞ்சல் செத்துவிட்டது’ என்று சொல்லும் அதே இளைஞர், கைபேசியை வாயருகே வைத்துத் தம் நண்பருக்கு இரண்டு நிமிடம் பேசி அனுப்புகிறார். போல்சனின் கம்பி வேறு உருவில் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது.

நம் நாட்டில்

இந்தியாவில் கதை வேறு விதமாகச் சென்றது. 1992இல் நடுவண் அரசு தனியாருக்குத் திறந்துவிட்ட தொலைத்தொடர்புச் சேவைகளின் பட்டியலில் குரலஞ்சலும் இருந்தது. ஆயினும் அது இங்கே வேரூன்றவில்லை. 1995இல் கைபேசி வந்தபோது அழைப்பவரும் பெறுபவரும் ஆகிய இருவருமே பணம் கொடுத்தனர். 2003இல்தான் பெறுபவருக்குரிய கட்டணம் நீங்கியது. ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழித்த மக்களுக்கு, எவரும் எடுக்காத அழைப்புக்கும் பெட்டி திறந்துவிட்டால் காசு போகும் என்பது உவப்பாக இருக்கவில்லை. அவர்கள் கண்டுபிடித்தது ‘மிஸ்டு கால்’. ஒருமுறை மணி அடித்தால் வந்து சேர்ந்துவிட்டேன் என்று பொருள். இருமுறை அடித்தால் வாசலுக்கு வா என்று பொருள். செலவே இல்லாத செய்தி!

எனினும் குரலை அனுப்பும் ஆவல் நம்மவர்க்குப் புதிதன்று. ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கொணர்ந்த ஒலிநாடாப் பேழை, 1970கள் முதல் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற தமிழர், மலையாளிகள் ஆகியோரின் கைகளில் கடிதமாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு, மகன் எழுதிய மடலை அயலார் ஒருவர் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அப்போது மகன் எழுதத் தயங்குவது பல. தாய் மறுமொழியாகச் சொல்லத் தயங்குவதும் பல. நாடாவிலோ இருவருக்கும் இடையே எவரும் இல்லை. ஊர்க்கோழி கூவுவதும், பேரக்குழந்தை சிணுங்குவதும், கோயில் மணி ஒலிப்பதும் சேர்ந்தே கடல் கடந்தன. அப்பேழைகளைச் சுமந்து சென்றவர்கள் விடுமுறைக்கு வந்து திரும்பும் ஊர்க்காரர்களே. குரலஞ்சல் என்ற பெயர் தெரியாமலே நாம் அதைக் கையாண்டிருக்கிறோம்.

பூட்டில்லாத பெட்டி

அமெரிக்க நிறுவனத்தார் 1930களில் அஞ்சியது முழுதும் பொய்யன்று என்றோம். பதிவான குரல் பிறர் கைக்கும் போகலாம். பிரிட்டனில் ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு’ என்ற வார இதழுக்காகப் பணியாற்றியவர்கள் பலருடைய குரல் பெட்டிகளை ஒட்டுக்கேட்டனர். பெட்டிக்கென நிறுவனம் கொடுத்த இரகசிய எண்ணைப் பெரும்பாலோர் மாற்றாமலே விட்டிருந்தது அவர்களுக்கு வசதியாயிற்று. அரச குடும்பத்தாரோடு தொடர்புடைய செய்திகளை ஒட்டுக்கேட்ட குற்றத்துக்காக 2007இல் இதழாளர் ஒருவர் சிறை சென்றார். 2002இல் காணாமற்போய்க் கொலையுண்ட ஒரு சிறுமியின் குரல் பெட்டியும் தப்பவில்லை என்பது 2011இல் வெளிவந்தபோது நாடே கொதித்தது. பெற்றோரும் தோழியரும் கலங்கிய குரலில் விட்ட செய்திகளுக்கு நடுவே, அந்நியச் செவியொன்று புகுந்திருந்தது. 168 ஆண்டுகள் வாழ்ந்த அவ்விதழ் அந்த ஜூலையிலேயே மூடப்பட்டது.

இன்று ஆபத்து வேறு வடிவம் எடுத்துள்ளது. ஒருவர் பேசிய சிறு துணுக்கைக் கொண்டே அவர் பேசாததையும் அவர் குரலில் பேச வைக்கக் கணிப்பொறி கற்றுக்கொண்டுவிட்டது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், குடியரசுத் தலைவர் பைடனின் குரலைப் போலச் செய்து வாக்காளர்களுக்குப் பொய் அழைப்புகள் விடப்பட்டன. அடுத்த மாதமே, செயற்கைக் குரலால் செய்யப்படும் இத்தகைய தானியங்கி அழைப்புகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று அந்நாட்டு ஆணையம் அறிவித்தது. ஆதலால், தெரிந்த குரல் பணம் கேட்டுச் செய்தி விட்டிருந்தால், நாமே திரும்ப அழைத்து ஒரு வார்த்தை கேட்டுத் தெளிவது இனி நமக்குக் கடமை.

வேறு வழியற்றோர்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாம் கேள்விக்கு வருவோம். கையில் நான்கு வழி உள்ளவருக்கு ஐந்தாம் வழி தேவையில்லைதான். வழியே இல்லாதவருக்கு?

1991இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஏழைத் தொழிலாளருக்கு உதவியோர் ஓர் உண்மையைக் கண்டனர். வீடற்றவர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார், தகுதியும் இருக்கிறது. ‘உங்கள் தொலைபேசி எண்?’ என்ற கேள்வியில் அவர் நின்றுவிடுகிறார். ஆதரவற்றோர் விடுதியின் எண்ணைக் கொடுத்தால், அழைக்கும் முதலாளி அவருடைய நிலையை அறிந்து ஒதுக்கிவிடுகிறார். இதற்குத் தீர்வாக அவர்கள் அளித்தது ஒரு குரல் பெட்டி. தமக்கென ஓர் எண். அதில் தம் சொந்தக் குரலில் ஒரு வரவேற்பு. தெருமுனைப் பொதுத் தொலைபேசியிலிருந்து நாளுக்கொருமுறை அழைத்து, யார் பேசினார்கள் என்று அறிந்துகொள்ளலாம். ‘கம்யூனிட்டி வாய்ஸ் மெயில்’ என்ற அந்தத் திட்டம் பின்னர் அமெரிக்காவின் பல நகரங்களுக்கும் பரவியது. படுக்க இடமில்லாதவருக்கும் பிறர் அழைக்கத்தக்க ஓர் எண்ணையும் பெயரையும் அது தந்தது.

ஜப்பானின் கோபே நகரை 1995 ஜனவரி 17 அன்று நிலநடுக்கம் தாக்கி, 6,400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியோரும் அவர்தம் உறவினரும் ஒரே நேரத்தில் அழைத்ததால் தொலைபேசிக் கம்பிகள் திணறின. ‘நான் நலம்’ என்ற இரண்டு சொற்கள் சென்று சேரவில்லை. இந்தப் படிப்பினையால் அந்நாட்டின் என்.டி.டி. நிறுவனம் 1998இல் ‘171’ என்ற பேரிடர்ச் செய்தி எண்ணைத் தொடங்கியது. பேரிடர்ப் பகுதியிலுள்ளவர் 171ஐ அழைத்து, தம் வீட்டு எண்ணைக் குறித்து, 30 நொடிகளுக்குள் செய்தி சொல்லலாம். அந்த வீட்டு எண்ணை அறிந்த உறவினர் எவரும், எங்கிருந்தும் அதைக் கேட்கலாம். செய்திகள் பேரிடர்ப் பகுதிக்கு வெளியே பல ஊர்களில் பிரித்து வைக்கப்படுகின்றன. ஆகவே பாதிக்கப்பட்ட ஊரின் கம்பிகள்மேல் சுமை ஏறுவதில்லை. ஒருவரும் மற்றவரும் ஒரே கணத்தில் கம்பியின் இரு முனைகளிலும் இருக்கத் தேவையில்லை என்ற குரலஞ்சலின் இயல்பே இங்கு உயிர்காக்கும் குணமாகிறது. 2011ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது இலட்சக்கணக்கானோர் அதைப் பயன்படுத்தினர். மாதந்தோறும் 1ஆம் நாளும் 15ஆம் நாளும் மக்கள் அதில் பேசிப் பழகிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட நல்ல ஏற்பாடு.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. சத்தீசுகர் காடுகளில் கோண்டி மொழி பேசும் பழங்குடியினரின் குறைகளை எந்த நாளிதழும் எழுதவில்லை. எழுதினாலும் அவர்களில் பலரால் படிக்க இயலாது. 2010இல் சுப்ரான்சு சௌதரி என்ற இதழாளர் ‘சி.ஜி.நெட் ஸ்வரா’ என்ற குரல் மன்றத்தைத் தொடங்கினார். சாதாரணக் கைபேசியிலிருந்து ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், கணிப்பொறி திரும்ப அழைக்கும். ஒரு பொத்தானை அழுத்தித் தம் செய்தியைச் சொல்லலாம். மற்றொன்றை அழுத்திப் பிறர் சொன்னதைக் கேட்கலாம். நூறுநாள் வேலைக்குக் கூலி வராததும், ஊர்க் குழாய் பழுதானதும், ஆசிரியர் பள்ளிக்கு வராததும் அதில் பதிவாயின. சரிபார்த்து வெளியிடப்பட்ட செய்திகளைக் கேட்டவர்கள் அதிகாரிகளை அழைத்துப் பேச, பல குறைகள் தீர்ந்தன. அட்லாண்டாவின் அலுவலகத்தில் வேண்டாம் என்று கழற்றப்பட்ட அதே கருவி, பஸ்தார் காட்டில் வாயில்லாதவருக்கு வாயாயிற்று!

காத்து வைக்க வேண்டிய குரல்

இன்னும் ஒரு பயன் இருக்கிறது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் நகரில் எரிந்துகொண்டிருந்த கட்டடங்களிலிருந்தும், கடத்தப்பட்ட வானூர்திகளிலிருந்தும் பலர் தம் இல்லங்களுக்கு அழைத்தனர். எடுக்க ஆளில்லாத இடங்களில் அவர்தம் குரல் பதிலுரைக் கருவிகளில் தங்கியது. அவற்றுள் சிலவற்றை அந்நகரிலுள்ள நினைவு அருங்காட்சியகத்தில் இன்றும் கேட்கலாம். இறுதிச் சொற்களைக் காத்து வைக்க உதவும் என்று 1878இல் எடிசன் எழுதியது, அவர் கனவிலும் கருதாத கொடுமையின் நடுவே மெய்யாயிற்று.

அத்தகைய பேரிடர் வேண்டியதில்லை. மறைந்த தந்தையின் புகைப்படம் எல்லா வீட்டிலும் உண்டு. அவர் குரல் எத்தனை வீட்டில் உண்டு? ‘சாப்பிட்டாயா? சும்மாதான் கூப்பிட்டேன்’ என்று அவர் விட்ட பத்து நொடிச் செய்தியை, வேலை மும்முரத்தில் நாம் அழித்துவிடுகிறோம். வலைப்பின்னலில் உள்ள குரல் பெட்டி நமக்குச் சொந்தமன்று. குறித்த நாள்கள் கழிந்தாலோ, இணைப்பு மாறினாலோ, அதிலுள்ளவை சொல்லாமல் கொள்ளாமல் அழிந்துபோகலாம். கைபேசியிலுள்ள குரல் செய்திகளும் கருவி கெட்டால் போய்விடும். வேண்டிய குரலை வேறோர் இடத்திலும் படியெடுத்து வைப்பது, நிலப்பத்திரத்தைப் படியெடுத்து வைப்பது போன்றதொரு முன்னெச்சரிக்கையே.

எனவே குரலஞ்சல் இன்றும் பயனுள்ளதா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூறுவது அரிது. அலுவலக மேசையில் அதன் காலம் முடிந்துவிட்டது. அதற்காக வருந்தத் தேவையில்லை. விரைந்து சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்வோம். ஆனால் எழுத இயலாதவர், வீடில்லாதவர், பேரிடரில் சிக்கியவர், தொலைவில் தனித்திருக்கும் முதியவர் ஆகியோருக்கு அது இன்னும் திறந்திருக்க வேண்டிய வாசல். இத்தகையோரைக் கேட்காமல், ‘இது எவருக்கும் பயன்படாது’ என்று நாம் தீர்ப்பெழுதிவிடலாகாது. வங்கியோ மருத்துவமனையோ அரசு அலுவலகமோ பழைய வழியொன்றை அடைத்துப் புதிய வழியைத் திறக்கும்போதெல்லாம், அடைபட்ட கதவின் முன்னே யார் நிற்கிறார் என்று பார்ப்பது நம் கடமையாகும்.

நம் கைபேசியிலும் கேட்கப்படாத செய்தி ஒன்றிரண்டு காத்திருக்கக்கூடும். எழுதத் தெரியாத பாட்டியோ, எழுத்தில் சொல்ல மனம் வராத நண்பரோ, நாம் இல்லாத வேளையில் வந்து தட்டிவிட்டுப் போயிருக்கலாம். கேட்க ஒரு நிமிடம் போதும்.